வெண்டிக்காய்த் தாள்

பழுதாய்ப்போன சாமான் கண்ணில் பட்டால் எனக்குப் பொறுக்காது. கேட்டுவிட்டு எறியும் பழக்கமும் இல்லை. அந்தக் குணத்தால் இத்தாலியில், பலேர்மோவில், என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஜப்பான்காரரின் பட்டறையைத் துப்புரவாக்கும் வேலை. மரப்பட்டை நாரைத் தண்ணீரில் கலக்கி, மூங்கில் தட்டியால் அள்ளித் தாள் செய்வார். முப்பது வருடமாக அதே வேலை, அதே முறை. கிழிந்த பழைய தேவாலயப் பதிவேடுகளை ஒட்ட அந்தத் தாளைத்தான் கேட்டு வருவார்கள். பிழையாக வந்த தாள் ஒன்றையும் அவர் வெளியே விடமாட்டார்; திரும்பத் தொட்டியில் போட்டுக் கரைத்துவிடுவார். என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அவருடைய வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று மூலையில் இருந்த வாளியைத் திறந்தேன். உள்ளே மூக்குச்சளி மாதிரி நூல் நூலாக இழுபட்டது. சீ! அப்படியே வடிகாலில் ஊற்றிவிட்டு, வாளியைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அவர் வந்து பார்த்தார். கோபிக்கவில்லை, கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஜப்பானிலிருந்து வரவழைத்த வேரை ஊறவைத்து எடுத்த சாறாம் அது. அது இல்லாவிட்டால் நார் அடியில் படிந்துவிடும், தாள் வராது. இருந்ததே அவ்வளவுதான் என்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

துறைமுக வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"உன்ர கை சும்மா இருக்காது, என்ன? இனி அந்தாள் கடிதம் தந்த மாதிரித்தான்."

"சும்மா இருங்கோப்பா!" என்று எரிந்து விழுந்தேன். வெட்டிக்கொண்டிருந்தது வெண்டிக்காய். கத்தியில் அதே நூல் இழுபட்டது. இவ்வளவு காலமும் புளி விட்டு, வெயிலில் காயவைத்து நான் சண்டை பிடித்த அதே வழுவழுப்பு! கறியைக் கைவிட்டு, அவ்வளவையும் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

காலையில் வடித்த தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய் நீட்டினேன். விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தார்.

"இது முறை இல்லை," என்றார். ஆனாலும் தொட்டியில் ஊற்றினார்.

முதல் தாள் கிழிந்தது. இரண்டாவது முழுசாக வந்தது, ஓரத்தில் மட்டும் இலேசான பச்சை. பதிவேட்டுக்கு இதைக் கொடுக்க முடியாது என்றார். இனிக் கரைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ அதைக் காயவிட்டு, பேனாவை எடுத்து, என் வேலைக் கடிதத்தை அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் பத்திரங்களை வாங்கிய அதிகாரி, கடிதத்தையும் அவற்றோடு சேர்த்து அடுக்கி ஸ்டாப்ளரை எடுத்தார். எனக்கு இத்தாலியன் முழுக்க மறந்துபோனது.

"ஐயோ, அதிலை குத்தாதேங்கோ!"