சிவப்பு விளக்கும் மடைச் சண்டையும்

சம்பா நட்டு முடித்ததும் எங்கள் வாய்க்கால் கரையில் தினமும் அந்தி நேரத்தில் சண்டை தொடங்கிவிடும். தண்ணீருக்காக எனக்கும் பக்கத்து வயல்காரருக்கும்தான். இருவரும் நெற்றியில் கட்டியிருந்தது வெள்ளை வெளிச்ச டார்ச். ஊர்ப் பூச்சியெல்லாம் முகத்துக்கே வரும். “மடைய ஏன்யா...” என்று ஆரம்பிப்பதற்குள் இரண்டு பூச்சி வாய்க்குள் போய்விடும். துப்பிக்கொண்டே என்ன சண்டை போடுவது?

எரிச்சலில் ஒருநாள் என் டார்ச்சைப் பிரித்து, வெள்ளை எல்.இ.டி.களைப் பிடுங்கிவிட்டு, ஈயம் உருக்கிச் சிவப்பு எல்.இ.டி.களைப் பற்றவைத்தேன். சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வராது; தொல்லை அடங்கியது. அதன்பின் நான் வாய் ஓயாமல் திட்டினேன். அவர் துப்பிக்கொண்டே நின்றார். மடை என் வயல் பக்கமே திறந்திருந்தது.

ஒரு காலை, தன் டார்ச்சோடு அவர் என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, எனக்கும் அதே மாதிரி மாத்திக் குடுங்களேன்.”

வீடு தேடி வந்தவரிடம் முடியாது என்றா சொல்வது? காபி கொடுத்தேன். மாற்றியும் கொடுத்தேன்.

அன்று மாலை வாய்க்கால் கரையில், அந்த வருஷத்திலேயே முதன்முறையாக, அவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தார்.

என் அப்பாவைப் பற்றி.