சம்மனசை எங்கே விட்டேன்?

என் மாமனார் ஒரு நாள் சாயங்காலம் எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டினார். நான் திருடியது நகையோ பணமோ இல்லை, ஒரு சம்மனசு. வானதூதரைப் பழைய காலத்துக் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருக்கு அந்தச் சொல் வாயைவிட்டுப் போகவே இல்லை.

நான் வரிச்சிக்குடியில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, தலத்தெருவில் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பக்கவாதம் வந்து மாமா படுத்ததிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் அவருக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவது என் வேலையானது. உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதாம். ஞானஸ்நானம் வாங்காதவள் வாசிக்கலாமா என்று கேட்டேன். "வாசிக்கிறதுக்கு வாய்தானம்மா வேணும்?" என்றார்.

அன்றைக்கு அவரே கேட்ட பகுதி அது. ஒரு குளத்தங்கரையில் நோயாளிகள் கூட்டமாகக் கிடக்கிறார்கள். மாமாவுக்குத் தெரிந்த கதைப்படி அவ்வப்போது சம்மனசு இறங்கித் தண்ணீரைக் கலக்கும், முதலில் இறங்குபவனுக்குச் சுகம். பல வருஷமாக எழுந்திருக்க முடியாத ஒருவனும் அங்கே கிடக்கிறான். பழைய புத்தகம் செல்லரித்துவிட்டதால் புதிய மொழிபெயர்ப்பில் படித்தேன். மூன்றாம் வசனம் முடிந்தது, அடுத்து ஐந்தாம் வசனம்.

"ஏம்மா, சம்மனசை எங்க விட்டே?"

"நான் எங்க விட்டேன் மாமா? இதுல இல்லவே இல்ல."

"அவசரமா அடுப்படிக்கு ஓடணும்னு முழுங்கிட்டியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: மிகப் பழைய பிரதிகளில் நான்காம் வசனம் காணப்படவில்லை. அவர் உதட்டை அசைத்து இரண்டு தரம் படித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சம்மனசை நம்பித்தான் அவர் படுத்திருந்தார். உடனே நடை பழகாவிட்டால் கால் விறைத்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கே வருவாள். "தண்ணி கலங்கட்டும் பாப்பா, பாக்கலாம்" என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார். கட்டில் ஓரத்தில் வாக்கர் சும்மா நின்றது, அதில் அவருடைய துண்டு காய்ந்தது.

"சம்மனசே பொய்யின்னா மிச்சத்த எதை வச்சு நம்புறது? எடுத்து வச்சிடும்மா அதை" என்றார் சுவரிடம். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்ப் பயம் வந்தது. தண்ணீர் கலங்கும் என்ற நம்பிக்கையும் போனால் இந்த மனுஷன் எதற்காக எழுந்திருப்பார்?

பயத்தோடு கூடவே, மறைக்க என்ன இருக்கிறது, ஆர்வமும் அரித்தது. யார் எடுத்தார்கள்? ஏன் எடுத்தார்கள்? மறுநாள் பள்ளி விட்டதும் ஸ்கூட்டியைக் கோயில் பக்கம் திருப்பினேன்.

"வாங்க டீச்சர்" என்றவரிடம் அதைக் கேட்டேன். "எடுக்கலைங்க, அது முதல்ல இல்லவே இல்ல" என்றார் பங்குச் சாமியார். எழுதியவர் கைப்பட எழுதியது இன்று யாரிடமும் இல்லையாம். பார்த்துப் பார்த்து எழுதிய பிரதிகள்தான் இருக்கின்றன. கதையில் பிற்பாடு அந்த நோயாளி, தண்ணீர் கலங்கும்போது என்னை இறக்கிவிட ஆளில்லை என்கிறான். தண்ணீர் ஏன் கலங்க வேண்டும்? அதற்கு யாரோ ஓரத்தில் விளக்கம் எழுதியிருக்கலாம், அடுத்தவர் அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம் என்றார்.

நான் சிரித்துவிட்டேன். போன அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவி இதயத்தைப் பற்றிய விடைக்கு நடுவில் "படம் பின்பக்கம் பார்க்க" என்று எழுதியிருந்தாள். பின்பக்கத்தில் படமே இல்லை. அவளைப் பார்த்து எழுதியவளும் அட்சரம் பிசகாமல் அதையே எழுதியிருந்தாள். கைடில் இருந்த குறிப்பு விடைக்குள் புகுந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளின் தாள்களோடு வைத்துப் பார்த்தால் எது பாடம், எது குறிப்பு என்று சட்டென்று தெரிந்துவிடும். தாள்கள் நிறைய இருந்தால் நல்லதுதான் என்று அவரிடம் சொன்னேன்.

"அதேதான்! எங்களுக்கும் தாளுங்க நிறைய" என்று சாமியாரும் சிரித்தார்.

"அப்ப மிச்சத்துல இப்படி எவ்வளவு இருக்கு ஃபாதர்?"

"இருக்குறதை எல்லாம் கீழே பொடி எழுத்துல போட்டிருக்காங்க. பாருங்க."

"பிரதி சரியா வந்திருச்சுன்னா, நடந்ததும் நிஜம்னு ஆயிடுமா?"

"அது வேற கேள்வி. அதுக்கு என்கிட்ட பொடி எழுத்து இல்ல" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து வசனங்களை விட்டுவிட்டு அடிக்குறிப்புகளாகப் படித்துத் தள்ளினேன். இங்கே ஒரு சொல் சந்தேகம், அங்கே ஒரு வரி இல்லை என்று தன் ஓட்டையைத் தானே காட்டும் புத்தகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பிழை இல்லவே இல்லை என்று யாராவது அடித்துச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மாமாவிடம் தேர்வுத்தாள் கதை வரைக்கும் எல்லாம் சொன்னேன். மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஆளு எந்திரிச்சு நடந்தானே, அது பழைய பிரதியில இருக்கா?"

"இருக்கு மாமா."

"சொகமாகணும்னு ஆசையான்னு ஆண்டவர் அவனைக் கேட்டது?"

"அதுவும் இருக்கு."

"சம்மனசு இல்லாம தண்ணி எப்படிக் கலங்குச்சு? எப்படி எறங்கினான்?"

நான் புத்தகத்தைத் திறந்து விரலை ஓட்டினேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"மாமா, அவன் தண்ணியில எறங்கவே இல்ல."

"என்னது?"

"கடைசி வரைக்கும் எறங்கல. எந்திரின்னாரு, எந்திரிச்சுட்டான்."

"அட கடவுளே" என்றார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், நல்ல கையை ஊன்றி மெல்லத் திரும்பினார். வாக்கரில் கிடந்த துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நல்ல கையால் வாக்கரைப் பற்றி எழுந்தார். நான் பதறிப் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கால் வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் நின்றார்.

"என்னம்மா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிற? படி" என்றார். "அஞ்சுலேர்ந்து படி."