சிந்துஜாவின் சீர்த்தட்டு

பண்டமாரானில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு ஏறினால், மலர்விழி வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூக்கே காட்டிக்கொடுக்கும். துணிக்கு ஊற்றும் சாஃப்ட்னர், தரை துடைக்கும் திரவம் எல்லாவற்றையும் டிரம்மில் வாங்கி, வீட்டிலேயே போத்தலில் அடைத்துப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்பாள். எதிர்வீடு என்னுடையது. என் துணிகள் கொடியில் சும்மா கிடந்தே மணக்கும். நான் குறை சொன்னதில்லை. ஓசி மணம் யாருக்குக் கசக்கும்?

அவள் கணவன் லோகன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். ஒரே மகள் சிந்துஜா. ஏழு வயதிலேயே அந்தப் பிள்ளைக்கு மார்பு வளரத் தொடங்கியதும் மலர்விழி பயந்துபோனாள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போனது நான்தான். டாக்டர் புனிதவதி பொறுமையாகவே சொன்னார்.

"இதுதான் காரணம்னு ஒண்ண மட்டும் சொல்ல முடியாதும்மா. நிறைய பிள்ளைங்களுக்குக் காரணமே தெரியறதில்ல. ஆனா வாசனைப் பொருள்ல, பிளாஸ்டிக்ல இருக்கிற சில கெமிக்கல் உள்ள போனா ஹார்மோன் மாதிரியே நடிக்கும், இல்லாட்டி அதோட வேலையைக் கெடுக்கும். அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முடிஞ்சவரைக்கும் குறைங்க. டெஸ்ட் எல்லாம் முடியட்டும், ஊசி போட்டு வளர்ச்சியைத் தள்ளிப்போடப் பார்ப்போம்."

டாக்டர் ஆமாம் என்றிருந்தால் மலர்விழி அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னதான் செய்வாள்? வியாபாரத்தை நிறுத்தினாள். லோஷன், பவுடர், அறைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் குப்பைக்குப் போயின. கொதிக்கக் கொதிக்கத் தே தாரேக் டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த லோகனுக்குத் திட்டு விழுந்தது. காற்று வரட்டும் என்று சன்னலைத் திறந்தால் கீழ்வீட்டுத் துணி மணத்தது. அதுவும் அவளே விற்ற சரக்கு.

பிள்ளை தன் ஸ்டிராபெரி லோஷனுக்காக அழுதாள். லோகனின் அக்கா சந்திரகலாவின் மகளுக்கு அப்போதுதான் சடங்கு நடந்திருந்தது. அதைக் காட்டியே மலர்விழி சமாதானம் செய்தாள்.

"அந்த அக்கா மாதிரி உனக்கும் சடங்கு செய்வோம்ல, அதுக்கப்புறம் எல்லாம் போட்டுக்க."

அதற்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு.

ஊசி தொடங்கும் முன்பே, எட்டு வயதில், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து இரத்தக் கறையோடு வந்தாள். சந்திரகலா அன்றைக்கே இனிப்போடு வந்து நின்றாள்.

"ஏன் மலரு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? நல்ல காரியம்லா!"

"அண்ணி, அவ சின்னப் புள்ள. டாக்டர் ஊசி போடணும்னு சொல்லியிருக்காங்க. இதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேணாம்."

"ஊசி போடு, யாரு வேணாங்கிறா? சடங்கு செய்யாம விட்டா சனங்க என்ன பேசும்? நான் அத்தை இருக்கேன்ல."

லோகன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு அவனை நாலு அறை விடலாம் போலிருந்தது.

கிள்ளானில் மண்டபம் பிடித்தார்கள். வாசலில் பிள்ளையின் படம் போட்ட பேனர். சீர்த்தட்டு வரிசையில் நானும் ஒரு தட்டைத் தூக்கினேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. தேங்காய், பழத்துக்குப் பின்னால் லோஷன், பவுடர், சென்ட், நகப்பூச்சு. மலர்விழி குப்பையில் போட்டதெல்லாம் பளபளக்கும் தாளில் ரிப்பன் கட்டிக்கொண்டு திரும்பி வந்தன. ஒவ்வொரு தட்டையும் அவளேதான் வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

ஆரத்தி முடிந்ததும், தோளில் நிற்காத பட்டுச்சேலையோடு சிந்துஜா ஓடிப்போய் ஒரு தட்டின் தாளைக் கிழித்தாள். ஸ்டிராபெரி லோஷன்.

"அது வேணாம்மா, வை."

"ஏன்? நீதானே சொன்ன, சடங்கு செஞ்சதும் போட்டுக்கலாம்னு? முடிஞ்சிருச்சுல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "போட்டுக்க கண்ணு, எல்லாம் உனக்குத்தான்" என்றாள் சந்திரகலா.

மலர்விழி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிள்ளை இரண்டு கையிலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டு, கையை அம்மாவின் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாரும்மா."

மலர்விழி மோந்து பார்த்தாள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.