மாடிக்குப் போனால் தெரிகிற கேமரா

பர்ரன்கீயா நகரில் எங்கள் தெருவில் முடி வெட்டவும் சாயம் போடவும் நெரெய்தாவிடம்தான் போவோம். கீழே அவள் கடை. மாடியில் பக்கவாதத்தில் படுத்த அவள் அப்பா திமோத்தேயோ. பேச்சு போய்விட்டது. கஞ்சி விழுங்குவதே பெரும்பாடு. புரையேறினால் யாராவது ஓடிப்போய் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

தலைநகர் பொகோதாவில் வேலை பார்க்கும் அவள் தம்பி அல்சிதெஸ் கிறிஸ்துமஸுக்கு வந்தவன், அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா மாட்டினான். வீட்டு வைஃபையில் இருந்தால்தான் போனில் படம் வரும். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று கீழிருந்து வயர் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு.

"இனிமே படி ஏறி முழங்காலத் தேய்க்காத அக்கா. சீப்பப் பிடிச்சுக்கிட்டே அப்பாவப் பாத்துக்கலாம்."

அவன் ஊருக்குப் போனதும் தொல்லை ஆரம்பித்தது. படம் சில நேரம் வரும், சில நேரம் 'கேமரா கிடைக்கவில்லை' என்று எழுத்துதான் வரும். பதறிப் போனோடு மாடிக்கு ஓடினால் அங்கே பளிச்சென்று தெரியும். கீழே வந்தும் கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு மறைந்துவிடும்.

"உங்கப்பாவுக்கு வெக்கம்டி, நீ பக்கத்துல போனாத்தான் மூஞ்சியக் காட்டுறாரு," என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

கேமராவை அணைத்துப் போட்டாள். போனை மாற்றிப் பார்த்தாள். இணையக் கம்பெனி ஆள் வந்து வேகத்தை அளந்து, "லைன் சுத்தமா இருக்கு, பயப்படாம இருங்கம்மா," என்று சிரித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரியில், கார்னிவல் திருவிழாவுக்கு முந்தின வாரம், கடை நிறையக் கூட்டம். வாடிக்கைக்காரி பெத்சபேயின் தலையில் பாதிச் சாயம் ஏறியிருந்தது. போனில் அதே எழுத்து.

"அப்பா எப்படி இருக்காரு?" என்றாள் பெத்சபே.

"தூங்குவாரு. இந்தக் கேமராச் சனியன் எப்பவும் இப்படித்தான்." நெரெய்தா கீழ்ப் பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு, மீதிச் சாயத்தைத் தடவி முடித்தாள்.

பிறகு மாடி ஏறினாள். அவள் அலறியது தெருமுனைவரை கேட்டது. புரையேறி, முகம் நீலம் பாய்ந்து, திமோத்தேயோ போய்ச் சேர்ந்திருந்தார்.

அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் அல்சிதெஸ் கத்தினான். "கேமரா வச்சுக் குடுத்தேனே! அதப் பாக்கக்கூட உனக்கு நேரமில்லையா? எவளுக்கோ தலை சீவிக்கிட்டு இருந்தியா?"

அவன் பொகோதாவுக்குத் திரும்பிய பிறகு, கேமராவைக் கழற்றப் போனவள் கழற்றாமல் போனை நோண்டினாள். கீழே வைஃபை போனுக்குக் கொடுக்கும் நெட்வொர்க் எண் ஒரு விதம், மாடியில் வேறு விதம். அப்போதுதான் புரிந்தது. தம்பியின் பெட்டி, மாடியைத் தனி வீடு மாதிரி தனி நெட்வொர்க்காகப் பிரித்து வைத்திருந்தது. போன் கீழ்ப் பெட்டியைப் பிடித்தால் கேமரா அதன் கண்ணில் படாது. மேலே போனால் மேல் பெட்டியைப் பிடிக்கும், எல்லாம் சரியாகத் தெரியும். பழுது பார்க்க ஏறியபோதெல்லாம் பழுது ஒளிந்துகொண்டது.

உடனே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அப்ப நான்தான் அப்பாவக் கொன்னேன்னு சொல்றியா?"

"என்னய மட்டும் சொல்லாதன்னு சொல்றேன்."

அவன் போனை வைத்துவிட்டான். அப்பாவுக்கான ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கும் வரவில்லை.

மேல் பெட்டி தனியாக எண் கொடுப்பதை நெரெய்தா நிறுத்தினாள். வயரை வேறு துளையில் மாற்றிச் செருகினாள். அதன் பிறகு படம் ஒருமுறைகூட மறையவில்லை. சீப்பும் கையுமாக நின்று போனில் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கச் சகிக்காமல் நான்தான் ஏறிப்போய்க் கேமராவைப் பிடுங்கினேன்.

"இப்ப நல்லா வேலை செய்யுதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஈஸ்டருக்கும் அல்சிதெஸ் வரவில்லை. மாடியைப் பூட்டிவிட்டு அவள் கடையிலேயே பாய் விரித்துப் படுக்கிறாள்.