மானிப்பாயிலிருந்து விசாரிக்க வந்தவர்கள்

2025 பெப்ரவரி 19, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முற்றம் கூட்டினேன். செம்பருத்தி பறித்துச் சுவாமி அறையில் வைத்து விளக்கேற்றினேன். மத்தியானத்துக்குச் சோறும் மரவள்ளிக்கிழங்குக் கறியும் ஆக்கி மூடிவிட்டு, மேலுக்கு நல்ல சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாக முன்னறை மேசையில் வந்து இருந்தேன். கணவர் சுன்னாகத்தில் வங்கியில் வேலை. மோட்டார்சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"நான் இனித்தான் போகவேணும். நீர் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்திட்டீர் போலை."

"ஓம். வழியிலை சனமில்லை" என்றேன்.

எங்கள் நிறுவனம் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் பாடங்கள் தயாரிக்கிறது. அதற்குக் கந்தோர் என்று ஓர் அலுவலகக் கட்டடம் இல்லை. பல நாடுகளில் அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். என் பதவிக்குப் பெயர் மனிதவளப் பங்காளி. ஆட்களை வேலைக்கு எடுப்பது, அவர்களின் லீவு, மனக்குறை, சண்டை, விலகல் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நல்ல நோக்கமுள்ள இடம் என்பதால் எவரும் களைப்பு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பிள்ளைகளைக் கைவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். களைப்பை அவர்களின் எழுத்துப் பிழைகளிலிருந்து நானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று காலை மேசையில் கிடந்தது மறுநாள் நான் வாசிக்கவேண்டிய ஒரு பக்கம். உதவி தந்தவர்கள் கையை விரித்துவிட்டதால் தமிழ்ப் பாடப் பிரிவை மூடுகிறார்கள். வியாழன் காலை எட்டு மணிக்குப் பிரிவில் உள்ளவர்களைத் திரையில் அழைத்து அதை அறிவிப்பது என் பொறுப்பு. அதற்கு முன் எவருக்கும் சாடையாகக்கூடச் சொல்லக்கூடாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களில் சொல்வதுதான் நியாயம் என்பது எங்கள் முறை. அது நல்ல முறை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அந்தப் பிரிவில் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஊர் பண்டத்தரிப்பு. முப்பத்துநாலு வயது. தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் கிடக்கிறார், தாய் இல்லை. பேசி வந்த சம்பந்தங்கள் எல்லாம் தகப்பனைக் கண்டதும் திரும்பிப் போயின. கடைசியில் மானிப்பாயிலிருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை வவுனியாவில் அரசாங்க வேலை. பெண் வீட்டிலிருந்தே உழைக்கிறாள், தகப்பனையும் பார்க்கிறாள், ஆகவே அந்த வீட்டுக்கே தான் வந்து இருப்பதாக அவர் சொல்லியிருந்தார். பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. இதையெல்லாம் மாத முடிவில் நடக்கும் எங்கள் உரையாடலில் அவள் சொல்லிச் சிரித்தாள். அதற்கு அடுத்த வாரம்தான் பிரிவை மூடும் செய்தி எனக்கு வந்தது.

பத்தரை மணி இருக்கும். கேற்றடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவரும், காஞ்சிபுரம் கட்டிய அவர் மனைவியும் இறங்கினார்கள்.

"தங்கச்சி, மானிப்பாயிலை இருந்து வாறம். பொடியன்ரை பெரியப்பா நான். இவ பெரியம்மா. பன்னிரண்டுக்கு இராகுகாலம் தொடங்கும், அதுக்கு முதல் கதைச்சிட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்."

எந்தப் பொடியன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே அழைத்து இருத்தினேன். மடிக்கணினியை மூடினேன்.

"ஊரிலை விசாரிச்சாச்சு" என்றார் அவர். "கோயிலடியிலை, பள்ளிக்கூடத்திலை, எல்லாம் நல்லாத்தான் சொல்லுகினம். கந்தோரிலை விசாரிக்கிறதுதான் மிச்சம். கந்தோர் எங்கையெண்டு புறோக்கரைக் கேட்டால், கந்தோரே இல்லையாம். உதென்ன புதினம் எண்டு கேட்டன். அந்தப் பிள்ளைதான் உங்களைச் சொன்னதாம், 'எங்கடை கந்தோர் அக்கா மருதனார்மடத்திலை இருக்கிறா' எண்டு."

"அப்ப உங்களுக்கும் மேலை ஒரு ஆள் இருக்கோணுமே. ஆர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வெளிநாட்டிலை ஒரு மனிசி, அம்மா."

"கண்டிருக்கிறீங்களோ?"

"திரையிலை."

"அப்ப அரைவாசிதான் கண்டிருக்கிறீங்கள்" என்றார் பெரியவர். மூவரும் சிரித்தோம். நான் எழும்பித் தேத்தண்ணி போட்டு விசுக்கோத்தும் வைத்துக்கொண்டு வந்தேன். அடுப்படியில் நிற்கும்போதே என்ன கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப சொல்லுங்கோ தங்கச்சி. அந்தப் பிள்ளை என்ன மாதிரி? வேலை நிரந்தரந்தானே?" என்று பெரியவர் கேட்டார்.

ஓம் என்றால் இருபத்திரண்டு மணித்தியாலத்தில் பொய்யாகிவிடும் ஒரு வார்த்தையைச் சொன்னவளாவேன். இல்லை என்றால், அவளுக்கே தெரியாத அவளுடைய செய்தி மானிப்பாய்க்கு முதலில் போய்விடும். குணத்தைப் புகழ்ந்துவிட்டு வேலையைப் பற்றி வாய் திறக்காவிட்டால் வேலையில் ஏதோ சிக்கல் என்று அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். இப்படியான நேரத்துக்கென்று எங்களிடம் ஒரு விதி உண்டு. எழுதியது நான்தான். வெளியார் விசாரித்தால் ஒருவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்பதையும் அவரது பதவியையும் மட்டும் உறுதிசெய்யலாம். முன்பு நான் வேலைசெய்த இடத்தில் ஒரு மேலாளர் தொலைபேசியில் சொன்ன இரண்டு வார்த்தையால் ஒரு பெண்ணுக்கு அடுத்த வேலை கிடைக்காமல் போனதைப் பார்த்திருந்ததால் அப்படி எழுதினேன். அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"அவ எங்களிட்டை வேலை செய்யிறா, ஐயா. பாடம் தயாரிக்கிற பகுதி. அதுக்கு மேலை ஒருத்தரைப் பற்றியும் நாங்கள் கதைக்கக்கூடாது. அது கொம்பனி விதி."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அம்மா பாதி குடித்த கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினார்.

"சரி பிள்ளை" என்றார் மெதுவாக. "விளங்குது."

அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. கலியாணத்துக்கு விசாரிக்க வருபவர்களிடம் எங்கள் பக்கத்தில் எவரும் குறை சொல்வதில்லை. பாவம் வந்து சேரும் என்று பயம். 'எனக்கு அவ்வளவாத் தெரியாது' என்பார்கள், 'அந்தப் பக்கம் பழக்கமில்லை' என்பார்கள். கேட்டவர்கள் நன்றி சொல்லி எழும்பிப் போய்விடுவார்கள். என் தமையனுக்குப் பேசிய இடங்களை எங்கள் வீட்டில் இப்படித்தான் தீர்மானித்தோம். ஒருத்தியைக் காக்க நான் எழுதிய வசனம் இந்த முன்னறையில் வேறு பொருள் கொண்டது. அந்தப் பிள்ளையிடம் சொல்லமுடியாத ஏதோ இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அப்பிடி இல்லை" என்று பின்னால் போனேன். "அவ தங்கமான பிள்ளை. இதை நான் கொம்பனிக்காகச் சொல்லேல்லை. நானாச் சொல்லுறன்."

கேற்றடியில் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "நீங்கள் நல்ல மனிசி. ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டியள்."

"இஞ்சாரும், நேரமாகுது" என்று பெரியவர் ஓட்டோவில் ஏறினார். பன்னிரண்டாக இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

கோப்பைகளைக் கழுவினேன். பிறகு என் மேலாளருக்கு எழுதினேன். நடந்ததைச் சொல்லி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் இன்றே சொல்ல அனுமதி கேட்டேன். அவருக்கு விடிந்ததும் பதில் வந்தது. நீண்ட பதில், அன்பான பதில். என் மனவேதனையைத் தான் உணர்வதாகவும், இதைப் பகிர்ந்ததற்கு நன்றி என்றும், நானும் தண்ணீர் குடித்துச் சற்று நடந்துவிட்டு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அனுமதி இல்லை. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநீதி. அவர் எழுதியதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

பின்னேரம் அவளிடமிருந்து வட்சப் வந்தது. "அக்கா, அவை உங்களிட்டை வந்திட்டுப் போனவையாம். நீங்கள் எண்டபடியாலை எனக்குப் பயமில்லை." நான் பதில் போடவில்லை. படித்துவிட்டேன் என்பதைக் காட்டும் நீலக் குறி மட்டும் அவளுக்குப் போயிருக்கும்.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் காலையில்போலப் பகிடி விடவில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "மானிப்பாய்க்குப் போய்க் காரணத்தைச் சொன்னால்?" என்றார்.

"வேலை போகுது எண்டு சொல்லவேணும். வேலை இல்லாட்டி அந்தப் பொடியன் பண்டத்தரிப்புக்கு வரவேண்டிய காரணமும் இல்லை."

"சொல்லாட்டி?"

"பிள்ளையின்ரை பெயர் போகும்."

நான் மரவள்ளிக்கிழங்குக் கறியைச் சூடாக்கினேன். எந்த வழியால் போனாலும் அவளுக்குக் கலியாணமோ பெயரோ ஒன்று போகிறது. பெரும்பாலும் இரண்டும் போகின்றன. அவள் வீட்டு வாசலில் போய் நின்று நான் கொடுக்கக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை. அவள் மற்றவர்களிடமிருந்து கேட்காமல் முதலில் என்னிடமிருந்து கேட்பது மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் எழுந்ததும் முற்றம் கூட்டவில்லை, பூப் பறிக்கவில்லை. முதல் வேலையாகக் கைத்தொலைபேசியில் அவளை அழைத்தேன்.

"என்னக்கா, இவ்வளவு விடிய? அப்பாவுக்கு மேல் துடைச்சுக்கொண்டு நிக்கிறன். கை ஈரம். ஸ்பீக்கரிலை போட்டிருக்கு, சொல்லுங்கோ."

"ஸ்பீக்கரை நிப்பாட்டிப் போட்டு வெளியிலை வாரும், பிள்ளை" என்றேன்.

வந்தாள். முதலில் வேலையைச் சொன்னேன். பிறகு மானிப்பாய்க்காரர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொல் மாறாமல் சொன்னேன். அவளுடைய முற்றத்தில் காகம் கத்துவது கேட்டது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்ப, எட்டு மணிக் கூட்டத்துக்கு நான் வரவேணுமோ அக்கா?"

"ஓம் பிள்ளை" என்றேன். "இப்பதான் கேள்விப்படுற மாதிரி வாரும்."