காசு கட்டிக் கூப்பிட்ட பொலிஸ்

கண்டி மஹய்யாவவில் எங்கள் ஒழுங்கை திரும்பும் முனையில் ரஸீன் நானாவின் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, கருவாடு, ஃபோன் ரீலோட், கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போவோம். நிறுவையில் ஒரு கடுகு குறையாது. ஒரு முட்டைக்குக் கூடுதலாகக் காசு வாங்கிவிட்டார் என்பதற்காகக் கொட்டும் மழையில் அம்பிட்டிய வரை பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். பஸ்ஸுக்குக் கொடுத்தது முட்டையின் விலையை விட அதிகம்.

அப்படிப்பட்டவர் பொய் சொல்வாரா என்று கேட்டால், சொல்வார். மிக நன்றாகச் சொல்வார். தனக்காக ஒருநாளும் இல்லை. ஒழுங்கையில் இருக்கும் யாரையாவது தேடிக்கொண்டு வெளியாள் வந்தால் மட்டும்தான். மாநகரசபையில் வேலை செய்யும் அழகமுத்து ஒருநாள் வேலைக்குப் போகாமல், கடைக்குப் பின்னால் அரிசி மூட்டையில் படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையைக் கண்காணிக்கும் ஓவசியர் தேடி வந்தபோது, "அவருக்கு வயித்தால போகுது சேர், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று ரஸீன் நானா கண் கலங்கச் சொன்னார். ஓவசியர் இளகிய மனசுக்காரர். பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டு வார்டாகத் தேடி, கடைசியில் வேறொரு அழகமுத்துவைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். அந்தப் பிஸ்கட்டைத் தின்ற ஆளையே எனக்குத் தெரியும்.

ரஸீன் நானாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஒழுங்கையே அப்படித்தான். ஒரு காலத்தில் பெயர் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் யாரும் நல்லதுக்கு வந்ததில்லை. அதனால் காக்கிச் சட்டை போட்டவர் ஒரு பெயரைக் கேட்டால் எங்கள் நாக்கு முந்திக்கொண்டு "இல்லை" என்றுவிடும். மூளை பின்னால் மெதுவாக வந்து சேரும்.

கலாராணி அந்த ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவள். பேராதனைப் பக்கம் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலை. ஏசிக்கொண்டே சோறூட்டுவாள், ஏசிக்கொண்டே தலை வாரிவிடுவாள். கிழவர்கள் அந்த ஏச்சுக்காகவே காலையில் கண் விழித்தார்கள். அவளுக்கு சைப்ரஸில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. மகள் துஷானியைத் தாதியர் படிப்புக்கு அனுப்ப வேறு வழி இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது, பொலிஸ் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி. மாதம் முடிவதற்குள் அது வராவிட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவதாகக் கொழும்பு ஏஜன்சி சொல்லிவிட்டது.

விண்ணப்பத்தை ஃபோனிலேயே போடலாம், காசையும் ஃபோனிலேயே கட்டலாம் என்று ரஸீன் நானா சொன்னார். கலாராணியின் ஃபோனில் பாதி பட்டன் வேலை செய்யாது. நானாவின் ஃபோனில் காசு கட்டும் வொலட் இருந்தது. அவள் நோட்டுகளை மேசையில் வைத்தாள், அவர் வொலட்டைத் திறந்தார்.

"நம்மளப் பத்தி விசாரிக்கச் சொல்லி பொலிசுக்கு நம்மளே காசு கட்டுறதா நானா?"

"நல்லவங்கன்னு எழுதித் தாறதுக்கு தங்கச்சி."

"அதுக்கு எதுக்கு காசு? ஒங்ககிட்ட கேட்டா சும்மாவே சொல்லுவீங்களே."

தொடர்பு எண் கேட்ட இடத்தில் நானா தன் எண்ணையே போட்டார். "ஒங்கட ஃபோன் எப்பவும் மௌத்தாகித்தானே கெடக்குது, உசிரே இல்ல" என்றார். இரகசிய எண் ஒன்று வந்தது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று அதன் கீழேயே எழுதியிருந்தது. அதைக் கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்துக்கொண்டே அழுத்தினார். கடைசிப் பட்டனுக்கு மட்டும் பிஸ்மி சொன்னார். காசு போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்ததும் கலாராணி ஃபோனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த கிழமை, நானா கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பொலிஸ் நிலையத்திலிருந்து பேசுகிறோம், இந்த விலாசத்தில் கலாராணி என்று ஒருவர் இருக்கிறாரா என்று ஒரு குரல் சிங்களத்தில் கேட்டது.

"இல்லையே சேர்" என்றார் நானா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வீடு பூட்டிக் கெடக்குது. அவங்க இந்தியாவுக்குப் போய் கன காலம். அங்கயே கலியாணமும் முடிச்சிட்டாங்கன்னு கேள்வி."

ஃபோனை வைத்துவிட்டு, ஒரு பெண்ணைக் காப்பாற்றிய மனநிறைவோடு பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். மனைவி மஸாஹிராவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் பருப்பை ஊற்றப் போன அகப்பையை அந்தரத்திலேயே நிறுத்தி, மகள் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டாள்.

"ஸனாட வாப்பா, போன கிழம நீங்க யாருட பேப்பருக்குக் காசு கட்டின?"

நானாவின் கையிலிருந்த சோறு பீங்கானில் விழுந்தது. கை கழுவக்கூட நிற்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் அந்தக் குரலுக்கு உரியவர் ஒரு வயதான சார்ஜன்ட். "அப்படி ஒருவர் இல்லை" என்று எழுதி முடித்து, கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். நானா எல்லாவற்றையும் சொன்னார்.

"ஃபோனில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"ஃபோனில சொன்னதுதான் சேர்."

"ஏன் பொய் சொன்னீர்?"

"அவங்க நல்லவங்க சேர்."

"நல்லவளுக்கு எதற்குப் பொய்?"

சார்ஜன்ட் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"நானே வந்து விசாரிக்கிறேன். நீரும் வாரும். ஃபோனைத் தொடக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. ஒழுங்கை சொல்வதைத்தான் எழுதுவேன். இல்லை என்றால் இல்லைதான்."

சார்ஜன்டின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கழுவாத சோற்றுக் கையோடு ரஸீன் நானா ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்தார். நானாவைப் பிடித்துவிட்டார்கள் என்றே பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். முதலில் அகப்பட்டவர் அழகமுத்து.

"கலாராணி வீடு எது?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்க சேர்." அழகமுத்து யோசித்தார். நானாவுக்கும் ஏதாவது செய்ய வேண்டாமா? "பின்னால இருக்காரே, அவரயும் எனக்குத் தெரியாதுங்க."

நானா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வீட்டு அங்கம்மா, கலாராணி செத்துப் பல காலம் என்றாள். காரியத்துக்கு வடை சுட்டதே தான்தான் என்று வேறு சேர்த்துக்கொண்டாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. இன்னொரு கதவு திறக்கவே இல்லை. சார்ஜன்ட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பைப்படியில் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி கும்மிக்கொண்டிருந்தாள். சார்ஜன்ட் கடைசியாக அவளிடம் கேட்டார்.

"கலாராணியா?" நிமிராமலே சொன்னாள். "அவ அம்பிட்டியப் பக்கம் வீடு மாறிப் போயிட்டா சேர். இனி வரமாட்டா."

சொன்னவள் கலாராணியேதான். நானாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, இது நம்ம காசு கட்டிக் கூப்பிட்ட பொலிஸ்."

துணி கும்மும் சத்தம் நின்றது. கலாராணி சார்ஜன்டைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ஈரக் கையோடு ஓடிப் போய் அடையாள அட்டையைக் கொண்டுவந்தாள். சார்ஜன்ட் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட்டை உம்முடையதுதான். ஆனால் நீர் இங்கே இல்லை என்று நீரே சொன்னீர். நான் எதை எழுத?"

"எம் பொண்ணு படிப்பு சேர்" என்றாள் கலாராணி. அவள் குரல் அடங்கியதை ஒழுங்கை அன்றைக்குத்தான் கேட்டது.

"இனி வாயைத் திறக்கலாமா சேர்?" என்றார் நானா. சார்ஜன்ட் தலையாட்டினார். நானா வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டினார். "உண்மயச் செல்லுங்க. பயமில்ல. காசு கட்டியாச்சு."

இத்தனை காலம் பூட்டிக் கிடந்த உண்மைக்கு வழி விட்டால் என்ன ஆகும்? ஹந்தானை மலையிலிருந்து வெள்ளம் இறங்கின மாதிரி வந்தது.

"இவளா? வாசல் தண்ணிய எல்லாம் என் வாசலுக்குக் கூட்டித் தள்ளுறவ சேர்" என்றாள், சற்று முன் கலாராணிக்குக் காரியம் செய்துவிட்ட அங்கம்மா.

"பைப்படியில வாளிய வரிசைக்கு வச்சிட்டு டீ குடிக்கப் போயிருவா" என்றார் அழகமுத்து. "நம்ம காத்துக்கிட்டு நிக்கணும்."

"மீன்காரன அகப்பையால அடிச்சவதானே" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அடிக்கல சேர்" என்றாள் கலாராணி பதறிப் போய். "காட்டினேன்."

"நல்லதயும் கொஞ்சம் செல்லுங்களேன்" என்று நானா கெஞ்சினார்.

கூட்டம் யோசித்தது. அங்கம்மா மூக்கை உறிஞ்சினாள். "கொரோனா நேரம் எங்க அம்மா படுக்கையில கெடந்தப்ப ஒருத்தரும் கிட்ட வரல. இவதான் வந்து குளிப்பாட்டினா. அப்பவும் ஏசிக்கிட்டேதான் குளிப்பாட்டினா."

சார்ஜன்ட் எழுதியிருந்த தாளைக் கிழித்தார். புதிய தாள் ஒன்றை மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்து எழுதத் தொடங்கினார்.

"சொல்லிக் கொடுத்துக் கூட்டி வரும் சாட்சிகள் நல்லதாகத்தான் சொல்வார்கள்" என்றார். "ஒருத்தியைப் பற்றி இவ்வளவு குறை சொல்ல வேண்டுமென்றால் அவள் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். மீன்காரன் முறைப்பாடு ஏதாவது கொடுத்தானா?"

"இல்லீங்க சேர், மறுநாளே மீன் கொண்டாந்து குடுத்தான்" என்றார் அழகமுத்து.

சார்ஜன்ட் கையெழுத்துப் போட்டார். புறப்படும்போது நானாவைப் பார்த்து, இனி ஃபோன் அடித்தால் கொஞ்சம் யோசித்துப் பேசும்படி சொன்னார். மஸாஹிரா கொடுத்தனுப்பிய தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

மாதம் முடிவதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. கலாராணி புறப்பட்ட காலையில் ஒழுங்கை முழுக்க ஏர்போர்ட்டுக்குப் போகும் வானைச் சுற்றி நின்றது. பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டான் என்று டிரைவரை ஏசினாள். அழுத துஷானியை ஏசினாள். கடையைத் திறக்காமல் நின்ற நானாவையும் ஏசினாள். அங்கம்மாதான் எல்லோரையும் விட அதிகமாக அழுதாள்.

"என்னத்துக்கு அழுவுற?" என்றாள் கலாராணி வான் ஜன்னலிலிருந்து. "எம்புள்ளைக்கு ராத்திரிக்குச் சோறு குடு. அவளும் ஒன் வாசலுக்கு நல்லாத்தான் தண்ணி கூட்டுவா."