வத்தல் களத்தில் காய்ந்த காப்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாசிக் கடைசியில் ஒரு காலை, ராஜபாளையத்தில் ஒரு எஸ்டேட் முதலாளியின் வீட்டு அடுக்களையிலிருந்து மூன்று பேர் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினோம். முதலாளி, அவர் மனைவி, நான். என் அக்காவின் கணவர் மட்டும் உள்ளேயே நின்றார். அடுப்பில் இருந்தது அவருடைய காப்பி.

அத்தான் பன்னிரண்டு வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். செண்பகத்தோப்புக்கு மேலே அந்த முதலாளிக்கு இருந்த சின்னக் காப்பித் தோட்டத்துக்கு அந்த வருடம்தான் சூப்பர்வைசராகப் போனார். அதுவரை அங்கே பழத்தைப் பறித்து, அப்படியே கருக்கக் காயவைத்து மூட்டை கட்டுவதுதான் வழக்கம். அத்தான் போடிப் பக்கத்துத் தோட்டங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தோலெடுத்துக் கழுவிய காப்பி போடலாம் என்றார். முதலாளி சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது.

"ஒரு சீசன் தாரேன். நல்லா வந்தா தோட்டமே ஒன் பொறுப்பு. இல்லன்னா பழையபடி பழமாவே காயட்டும். அதுக்கு சூப்பர்வைசர் எதுக்கு?"

மில்லில் அத்தானின் இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான்.

நான் அப்போது ஒரு நாளிதழின் ஸ்ரீவில்லிபுத்தூர் செய்தியாளர். இரண்டு முறை மலையேறி, பார்த்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பழுத்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். அன்றே, கையால் சுற்றும் பல்பரில் போட வேண்டும். சிவப்புத் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழும். கொட்டையின் மேல் ஜவ்வரிசிக் கஞ்சி போல ஒரு வழவழப்பு. அது விடுவதற்காகச் சிமெண்டுத் தொட்டியில் ஒன்றரை நாள் புளிக்க விடுவார்கள். அத்தான் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்ப்பார். வழுக்கினால் இன்னும் பதம் வரவில்லை. கூழாங்கல் போலக் கரகரத்தால் உடனே ஓடைத் தண்ணீரில் கழுவியாக வேண்டும். பிந்தினால் புளிப்பு கொட்டைக்குள் இறங்கிவிடும். அவர் ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

குறுக்கே வந்தது மழை. கழுவிய கொட்டை எட்டு, பத்து நாள் வெயிலில் காய வேண்டும். மலையிலோ மூன்று நாளாக மூட்டமும் தூறலும். ஈரக் கொட்டை பூஞ்சை பிடித்துவிடும். அத்தான் இறங்கி என்னிடம் வந்தார்.

"மாப்ளே, ஊரெல்லாம் சுத்துத. நல்ல சிமெண்டுக் களமா ஒண்ணு சொல்லு. மண் தரை வேண்டாம், ஒட்டிக்கிடும்."

எனக்கு ஒரு களம் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, ஒரு மிளகாய் வத்தல் வியாபாரியுடையது. முந்தின வாரம்தான் மிளகாய் வரத்து பற்றி எழுத அங்கே போயிருந்தேன். விரிசல் இல்லாத தரை, நிழல் விழாத இடம். நானே பேசி முடித்தேன். மூட்டைகள் கோவேறு கழுதைகளில் செண்பகத்தோப்பு வரை இறங்கி, வனத்துறைச் சோதனைச் சாவடியில் சீட்டுக் காட்டி, டிராக்டரில் வந்து சேர்ந்தன.

களம் கூட்டும் பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, நேத்து வரைக்கும் வத்தல் கெடந்த எடம். தண்ணி ஊத்திக் கழுவிரட்டா?"

எங்கள் பக்கத்தில் களத்தை யாரும் கழுவுவதில்லை. கூட்டுவார்கள், ஒரு பொழுது வெறுமனே வெயிலில் போடுவார்கள். உளுந்தும் நெல்லும் வத்தலும் அதே தரையில் மாறி மாறிக் காயும்.

"குடிக்கவே தண்ணியக் காணோம், களத்துக்குத் தண்ணியா? கூட்டினாப் போதும். வெயிலு எல்லாத்தையும் எடுத்துரும்" என்றேன்.

அவர் பக்கத்தில் நின்றவளிடம், "அவிய படிச்சவிய, சொன்னாச் சரிதான். நமக்கென்னட்டி?" என்றது என் காதில் விழுந்தது.

ஒன்பது நாள் அத்தான் அந்தக் களத்திலேயே கிடந்தார். வெயில் ஏறுமுன் பரப்பினார், மணிக்கொரு தடவை கிளறினார், உச்சியில் சாக்கால் மூடினார். தினமும் ஒரு கொட்டையை நகத்தால் உரித்துக் கடித்துப் பார்த்தார். பல் பதியாவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் நாக்கு எரிகிறது என்றார். வெயில் சூடு என்றேன். களத்து ஆட்கள் யாரும் எந்த வாடையும் சொல்லவில்லை. வருடம் பூராவும் வத்தலோடு இருப்பவர்களின் மூக்கில் அந்த நெடி ஏறாது. அத்தானின் மூக்கில் புளித்த தொட்டியைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் வெளியாள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் காலை. முதலாளியின் மனைவி ஒரு படி கொட்டையை உரலில் குத்திப் புடைத்து, இரும்புச் சட்டியில் போட்டார். முதலாளி அடுக்களை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் நல்ல மணம் வந்தது. மூன்றாவது நிமிடம் தொண்டையில் ஊசி இறங்கியது.

"ஏமிட்டண்டி இதி!" என்று, என்ன இது எனத் தெலுங்கில் கத்தி, அந்த அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னால் நாங்கள்.

எதிர்வீட்டுக்காரர் திண்டாடி நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தார். "யாருக்கு மொளகா சுத்திப் போட்டிய? நெடி இம்புட்டு ஏறுதே, அப்ப திருஷ்டியே இல்ல போங்க!"

துடைப்பத்தை ஊன்றி நின்ற பெண்தான் கண்ணில் தெரிந்தார். ஈரக் கொட்டையைக் கொட்டியதும் தரையிலிருந்த மிளகாய்த் தூள் அதில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியபடியே காய்ந்து, உரலில் குத்தும்போது உள்ளே இருந்த பருப்பிலும் ஏறியிருக்கிறது. அந்த ஒரு படி மட்டுமல்ல, அந்தக் களத்தில் கிடந்த அத்தனை மூட்டையும்.

திரும்பி உள்ளே போனபோது அத்தான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய நின்றிருந்தார்.

"எந்தக் களத்துலய்யா போட்ட?"

"வத்தல் களம், மொதலாளி."

"வத்தல் களத்துல காப்பியப் போடச் சொன்ன புண்ணியவான் யாரு?"

நான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. இருமி முடித்த பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நாந்தான் பாத்துப் போட்டேன்" என்றார் அத்தான்.

முதலாளி ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். "தொட்டி வேலையில ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா ஒரு சீசன்னுதான் சொன்னேன்."

அந்த வாரம் நான் ஒரு செய்தி அனுப்பினேன். மலையில் தூறல், காப்பி காயவைக்க முடியாமல் சேதம். நான்கு வரி. அதில் பொய்யென்று ஒரு வார்த்தை கிடையாது. பத்திரிகையை அத்தான் அக்கா வீட்டில் உட்கார்ந்து படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"மழ பெஞ்சது நெசந்தான், மாப்ளே."

பிறகு அக்காவிடம், தேவதானத்தில் ஒரு பம்ப்செட்டுக்கு ஆள் கேட்கிறார்களாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.